ரெண்டு கொடியோட மூழ்கின கப்பல்

கேள்வி இதுதான்: "பாய்மரக் கப்பல் காலத்துல எதிரியோட போர்க்கப்பலை புடிச்சா அதை என்ன பண்ணுவாங்க? அப்படி புடிபட்ட ஒரு கப்பலோட கதையை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சொல்ல முடியுமா?"

சொல்றேன். பத்து கப்பல் பேரை வரிசையா எழுதிட்டுப் போயிடலாம்தான், ஆனா இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு மனசுல வர்றது ஒரே ஒரு கப்பல். பிரான்ஸ்ல பொறந்தப்ப அதுக்குப் பேரு துகே-த்ரூவான், இங்கிலாந்துக்குப் போனப்புறம் இம்ப்ளாக்கபிள். 1805-ல பிரிட்டிஷ் நேவி பிரெஞ்சு ஸ்பானிஷ் கூட்டுப் படையைத் தோற்கடிச்ச டிரஃபால்கர் கடல் சண்டையில இருந்த கப்பல், 149 வருஷம் மிதந்துச்சு, 1949 டிசம்பர் 2-ம் தேதி அதுக்கு வெடி வச்சு கடல்ல மூழ்கடிச்சாங்க. மூழ்கடிச்சது எதிரி இல்ல, அதை நூறு வருஷத்துக்கு மேல வச்சிருந்த பிரிட்டிஷ் நேவியேதான். இதைப் பத்தி படிச்சு பல வருஷம் ஆகியும் எனக்கு இன்னும் ஆறல.

முதல்ல உங்க முதல் கேள்வி. புடிச்ச கப்பலை எரிக்கலாம், இல்ல இழுத்துட்டுப் போகலாம். இழுத்துட்டுப் போனா அதுல காசு இருக்கு. பிரிட்டிஷ் பக்கம் இதுக்குன்னே தனி கோர்ட் இருந்துச்சு, அந்தக் கோர்ட் இது முறையாப் புடிச்ச கப்பல்தான்னு தீர்ப்பு குடுத்ததும் அரசாங்கமே விலை போட்டு வாங்கிக்கும், அந்தப் பணத்தை எட்டு பங்கா பிரிப்பாங்க. 1808-க்கு முன்னாடி இருந்த கணக்குப்படி மூணு பங்கு கேப்டனுக்கு, அதுல ஒண்ணு அவருக்கு மேல இருக்குற அட்மிரலுக்குப் போகும், நூத்துக்கணக்கான சாதாரண மாலுமிங்க எல்லாரும் சேர்ந்து பிரிச்சுக்குறது வெறும் ரெண்டு பங்கு. அதனால எதிரி கப்பலை சுட்டு மூழ்கடிக்கறதை விட பாய்மரத்தை உடைச்சு, ஆளுங்களை அடிச்சு, கொடியை இறக்க வைக்கறதுதான், அதாவது சரணடைய வைக்கறதுதான், எல்லாருக்கும் லாபம்.

காசை விட பெரிய விஷயம் இன்னொண்ணும் இருக்கு, கப்பலோட வடிவம். அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரங்க கணக்கு போட்டு கப்பல் வரைவாங்க, தண்ணிக்கு அடியில இருக்குற வளைவை அப்படி யோசிச்சு வச்சிருப்பாங்க, அதனால அவங்க கப்பல் வேகமா ஓடும், காத்துக்கு நல்லா ஈடு குடுக்கும். பிரிட்டிஷ்காரங்க புடிச்சுட்டு வந்த கப்பலை ட்ரை டாக்ல, அதாவது தண்ணியை வடிச்சுட்டு கப்பலை நிறுத்துற தொட்டியில ஏத்தி, உடம்பு முழுக்க அளவெடுத்து வரைபடம் போட்டுப்பாங்க, பிடிச்சிருந்தா அதே மாதிரி புதுசா கட்டுவாங்க. இந்த இடத்துல ஒரு பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, ழாக் நோயல் சானே. பிரான்ஸோட கப்பல் வடிவமைப்பாளர். கடைசியில திரும்ப வருவார்.

74 பீரங்கி வைக்கிற ரெண்டு தளக் கப்பலுக்கு சானே ஒரு டிசைன் போட்டார், அது அவ்வளவு நல்லா அமைஞ்சதால பிரான்ஸ் அதே டிசைன்ல நூத்துக்கு மேல கட்டித் தள்ளிச்சு. அதுல ஒண்ணுதான் நம்ம துகே-த்ரூவான். ரோஷ்ஃபோர்ல கட்டி 1800 மார்ச்ல தண்ணில இறக்கினாங்க. பேரு, சான்-மாலோ ஊர்ல பொறந்து இங்கிலீஷ் கப்பல்களை வேட்டையாடியே பேர் வாங்கின ரெனே துகே-த்ரூவானோட பேரு. கீழ் தளத்துல 36 பவுண்டு பீரங்கிங்க. பிரெஞ்சு பவுண்டு இங்கிலீஷ் பவுண்டை விட கொஞ்சம் கனம், அதனால அந்தக் குண்டு ஒண்ணு பதினேழரை கிலோவுக்கு மேல வரும். ஒரு பீரங்கிக்கு பதினாலு பதினஞ்சு பேர் வேணும், அதுவும் நிமிர்ந்து நின்னா தலை இடிக்கிற உயரத்துல, புகையில பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியே தெரியாம, பின்னாடி எகிறி வர்ற பீரங்கியை கயித்தைப் போட்டு நிறுத்தி, துடைச்சு, மருந்து போட்டு, குண்டு போட்டு, திரும்ப முன்னாடி இழுக்கணும். அசையுற தரையில.

அதோட முதல் பெரிய வேலை நல்ல வேலை இல்ல. இன்னைக்கு ஹைட்டின்னு சொல்ற நாடு அப்ப சான்-தொமிங்ங்கிற பிரெஞ்சு காலனி, அங்க அடிமையா இருந்த மக்கள் எழும்பி விடுதலை வாங்கிட்டு நின்னாங்க, அவங்களை அடக்கி திரும்ப கைக்குள்ள கொண்டு வர நெப்போலியன் பெரிய படையை அனுப்பினார், அந்தப் பக்கம் போன கப்பல்ல இதுவும் ஒண்ணு. அந்தப் படை மஞ்சக் காய்ச்சல்லயும் சண்டையிலயும் அழிஞ்சே போச்சு. 1803 ஜூலைல பிரிட்டிஷ்காரங்க துறைமுகத்தை அடைச்சுட்டு நின்னப்ப இதுவும் துகேன்ங்கிற இன்னொரு 74 பீரங்கி கப்பலும் தப்பிக்கப் பார்த்துச்சுங்க. துகேன் மாட்டிக்கிச்சு. இது துரத்தினவங்களோட ஒரு கை பார்த்துட்டு அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்பெயின் கரையில போய் ஒதுங்கிடுச்சு. வேகமான கப்பல்ன்னு சொன்னேன்ல, அது இங்கதான் முதல்ல உதவுச்சு.

அங்க ரெண்டு வருஷம் முடங்கிக் கிடந்து, 1805 ஆகஸ்ட்ல பிரெஞ்சு அட்மிரல் வில்நெவ்வோட படையில சேர்ந்து டிரஃபால்கருக்கு வந்துச்சு. அக்டோபர் 21. பிரெஞ்சு ஸ்பானிஷ் கூட்டுப் படையில 33 பெரிய கப்பல், பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன்கிட்ட 27. நம்ம கப்பல் இருந்தது முன்வரிசையில, துமனுவார்ங்கிற ரியர் அட்மிரல் கீழ, கப்பலோட கேப்டன் தூஃபே. நெல்சன் வரிசையோட நடுவுல புகுந்து கிழிச்சார், அதனால முன்வரிசை ஆளுங்க முன்னாடி எதிரியே இல்ல. அப்ப உடனே திரும்பி வந்து நடுவுல மாட்டிக்கிட்டவங்களுக்கு உதவியிருக்கணும். காத்து ரொம்பக் கம்மியான நாள், பெரிய அலை மட்டும் வந்துட்டு இருக்கு, படகு இறக்கி கயிறு கட்டி இழுத்துத்தான் கப்பலையே திருப்ப வேண்டியிருந்துச்சு, அப்படி திரும்பி வர்றதுக்குள்ள சண்டை ஏறக்குறைய முடிஞ்சுபோச்சு. போற போக்குல நெல்சனோட கப்பல் விக்டரி மேலயும் மத்த கப்பல்ங்க மேலயும் சுட்டாங்க, விக்டரியும் திருப்பி சுட்டுச்சு, அந்த நேரத்துல விக்டரியோட அடித்தளத்துல நெல்சன் உயிர் போற நிலையில படுத்திருந்தார், தலைக்கு மேல அதிருற அந்தப் பீரங்கிச் சத்தம் அவரை ரொம்ப வாட்டினதா பக்கத்துல இருந்த சர்ஜன் எழுதி வச்சிருக்கார்.

துமனுவார் நாலு கப்பலோட நழுவிட்டார். ஃபோர்மிதாப்ள், சிப்பியோன், மோன்-ப்ளான், துகே-த்ரூவான். பிரான்ஸ்ல அவருக்கு இதனால கெட்ட பேருதான், விசாரணை வரைக்கும் போச்சு. ஒரு விஷயம் மட்டும் சொல்லணும். டிரஃபால்கர்ல புடிபட்ட கப்பல்ங்கள்ல பெரும்பாலானது அடுத்து வந்த புயல்ல பாறையில மோதியும், பிரிட்டிஷ்காரங்களே கொளுத்தியும் போச்சு. மிஞ்சி ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தது நாலே நாலு. நம்ம கப்பல் அன்னைக்கே அங்கயே புடிபட்டிருந்தா இந்தக் கதையே இருந்திருக்காது.

தப்பிச்ச நாலும் வடக்கால போச்சு. எங்க போச்சுன்னா ரோஷ்ஃபோருக்கு. துகே-த்ரூவானைக் கட்டின அதே ஊரு. போற வழியில ஃபீனிக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் ஃப்ரிகேட் கண்ணுல பட்டுச்சு, அது லேசான வேகக் கப்பல், இவங்க துரத்தத் துரத்த அது ஓடி, அதோட ஆளுங்க இருக்குற பக்கமா இவங்களை இழுத்துட்டுப் போயிடுச்சு. அங்க சர் ரிச்சர்ட் ஸ்ட்ராக்கன் காத்துட்டு இருந்தார்.

நவம்பர் 4, ஸ்பெயின் நாட்டோட ஆர்ட்டெகல் முனைக்கு வெளிய. பெரிய கப்பல் ரெண்டு பக்கமும் நாலு நாலுதான், ஆனா ஸ்ட்ராக்கன்கிட்ட கூடவே நாலு ஃப்ரிகேட் இருந்துச்சு. பொதுவா பெரிய கப்பல்ங்க மோதும்போது ஃப்ரிகேட் நடுவுல வராது, ஒதுங்கி நிக்கும், அது எழுதாத சட்டம் மாதிரி. அன்னைக்கு அதுங்க பின்னாடி வந்து நாய் கடிக்கற மாதிரி கடைசிக் கப்பலைக் கடிச்சுட்டே இருந்துச்சு, பின்பக்கம் சுட்டா கப்பலுக்குத் திருப்பி சுட ரெண்டு மூணு பீரங்கிதான், வேகமும் குறையும், அந்த இடைவெளியில பெரிய கப்பல்ங்க வந்து சேர்ந்துடுச்சு. துகே-த்ரூவான் கேப்டன் தூஃபே அங்கயே செத்துப்போனார். ஃபோர்மிதாப்ளும் சிப்பியோனும் முதல்ல கொடி இறக்கிச்சு, மத்த ரெண்டும் விலகி ஓடப் பார்த்து, துரத்திப் புடிச்சு அடிச்சதுல அதுங்களும் கொடியை இறக்கிடுச்சு. பிரிட்டிஷ் பக்கம் செத்தது 24 பேர். பிரெஞ்சு பக்கம் செத்தவங்க, காயம்பட்டவங்க சேர்த்து எழுநூறைத் தாண்டிச்சு. தாய்வீட்டுக்குப் போயிட்டு இருந்த கப்பல், பாதி வழியில கைமாறி பிளிமத்துக்குப் போச்சு. அதுக்கப்புறம் அது ரோஷ்ஃபோரைப் பார்க்கவே இல்ல.

பிளிமத்ல பேரை மாத்தினாங்க. இம்ப்ளாக்கபிள்னா சமாதானத்துக்கே மசியாததுன்னு அர்த்தம். பீரங்கிங்களையும் மாத்தினாங்க, பிரெஞ்சு 36 பவுண்டு குண்டு பிரிட்டிஷ் கிடங்குல கிடையாது, அவங்களுக்கு 32 பவுண்டுதான் வழக்கம். உடம்பு மட்டும் அதேதான், சானே வரைஞ்ச அதே வளைவு.

பிரிட்டிஷ் கையில அதோட பெரிய நாள் 1808 ஆகஸ்ட் 26. ரஷ்யா அப்ப நெப்போலியனோட கூட்டு, ஸ்வீடன் பிரிட்டனோட கூட்டு. பால்டிக் கடல்ல ஸ்வீடன் படைக்குத் துணையா சென்டார், இம்ப்ளாக்கபிள்னு ரெண்டே ரெண்டு பிரிட்டிஷ் கப்பல். சென்டார்ல ரியர் அட்மிரல் சர் சாமுவேல் ஹூட், இம்ப்ளாக்கபிளுக்கு கேப்டன் தாமஸ் பையம் மார்ட்டின். ரஷ்யப் படை பின்வாங்கி ஓடுது, எல்லாரும் துரத்துறாங்க, இந்த ரெண்டும் ஸ்வீடிஷ் கப்பல்ங்களை மைல் கணக்குல பின்னாடி விட்டுட்டு முன்னாடி போயிடுச்சு. கடைசியா போயிட்டு இருந்த ரஷ்யக் கப்பல் விசேவலோத், அதுவும் 74 பீரங்கிதான். இம்ப்ளாக்கபிள் அது பக்கத்துலயே போய் நின்னு அடிச்ச அடியில அரை மணி நேரத்துக்குள்ள அது பீரங்கி ஓஞ்சுபோச்சு. அதுக்குள்ள ரஷ்யப் படை மொத்தமா திரும்பி வந்துடுச்சு, புடிச்சதை விட்டுட்டு விலக வேண்டியதாப் போச்சு. ஆனா ஒடைஞ்ச விசேவலோத்தை ரஷ்யாக்காரங்க இழுத்துட்டு துறைமுகத்துக்குள்ள நுழையறப்ப அது தரை தட்டிடுச்சு, இன்னைக்கு எஸ்டோனியாவுல பால்டிஸ்கின்னு சொல்ற ஊருக்குப் பக்கத்துல. சென்டார் போய் அதோட உரசிக் கட்டிக்கிட்டு கைகலப்பு சண்டை, இம்ப்ளாக்கபிளும் வந்து சேர்ந்துச்சு, புடிச்சாங்க, மீட்க முடியலன்னு கொளுத்திட்டாங்க. அடுத்த வருஷம் ஜூலைல இதோட மாலுமிங்க மத்த கப்பல் ஆளுங்களோட ராத்திரி படகுல போய் ஃபின்லாந்து கரையில ரஷ்யத் துப்பாக்கிப் படகுகளைப் புடிச்சாங்க, அதை நடத்தின ஜோசஃப் ஹாக்கிங்கிற லெஃப்டினன்ட் அதுல செத்துப்போனார்.

நெப்போலியன் காலம் முடிஞ்சதும் இதை ஓரம் கட்டி நிறுத்தினாங்க. 1840-ல சிரியா கரையில எகிப்து ஆட்சியாளர் முகமது அலிக்கு எதிரா நடந்த போருக்கு திரும்ப எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க, நாப்பது வயசுக் கப்பல் அப்ப. 1842-ல திரும்பி வந்துச்சு. அதோட அதுக்கு சண்டை முடிஞ்சுது. 1855-ல இருந்து டெவன்போர்ட்ல பசங்களுக்கு மாலுமி வேலை சொல்லிக்குடுக்குற கப்பலா நின்னுச்சு, அம்பது வருஷத்துக்கு மேல. அந்தப் பசங்க எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பலகையைத் தேய்ச்சுக் கழுவியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. நான் இதைச் சொல்றது ஏன்னா, நிறைய பேர் சண்டையை மட்டும்தான் கப்பலோட வாழ்க்கைன்னு எழுதுறாங்க, இம்ப்ளாக்கபிள் சண்டை போட்டது மொத்தமா சில வருஷம், மீதி நூறு வருஷத்துக்கு மேல அது ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூடம்.

1908 வாக்குல உடைக்க விக்கலாம்னு பேச்சு வந்துச்சு, அரசர் ஏழாம் எட்வர்ட் தலையிட்டதால நின்னுபோச்சு. இங்கதான் ஜெஃப்ரி வீட்லி காப் வர்றார். இந்த மனுஷனைப் பத்தி தனியாவே எழுதலாம். 1890-கள்ல, நெல்சன் ஒரு காலத்துல தலைமைக் கப்பலா வச்சிருந்த ஃபூட்ராயன்ட்டை உடைக்கறதுக்கு ஜெர்மனிக்காரங்களுக்கு வித்துட்டாங்க, இவர் போய் சொந்தக் காசுல திரும்ப வாங்கினார். செலவை ஈடுகட்ட ஊர் ஊரா காட்சிக்கு வச்சார், 1897 ஜூன்ல பிளாக்பூல் கரையில புயல்ல மாட்டி அது ஒடைஞ்சே போச்சு. வேற யாரா இருந்தாலும் போதும்டா சாமின்னு விட்டிருப்பாங்க, இவர் அதே வருஷம் உடைக்கப் போயிட்டு இருந்த இன்னொரு பழைய ஃப்ரிகேட்டை வாங்கி அதுக்கு ஃபூட்ராயன்ட்னு பேர் வச்சு பசங்களுக்குப் பயிற்சி குடுக்க ஆரம்பிச்சார். அந்த ஃப்ரிகேட்டோட பழைய பேரு டிரிங்கோமலி. ஆமா, நம்ம திருகோணமலைதான். 1782-ல திருகோணமலைக்கு வெளிய பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரனும் பிரிட்டிஷ் அட்மிரல் ஹ்யூஸும் மோதின சண்டையோட ஞாபகமா வச்ச பேரு.

1912-ல அட்மிரால்ட்டி, அதாவது பிரிட்டிஷ் நேவியோட தலைமை அலுவலகம், இம்ப்ளாக்கபிளையும் காப்கிட்ட இரவலாக் குடுத்துச்சு. ஃபால்மத் துறைமுகத்துல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. 1920-கள்ல பொதுமக்கள்கிட்ட பணம் திரட்டி ரிப்பேர் பண்ணாங்க. காப் 1931-ல இறந்துட்டார், 1932-ல ரெண்டு கப்பலையும் போர்ட்ஸ்மத்துக்குக் கொண்டு போனாங்க. அங்க ட்ரை டாக்ல விக்டரி நிக்குது. டிரஃபால்கர்ல ஒருத்தர் மேல ஒருத்தர் சுட்ட ரெண்டு பக்கத்துக் கப்பலும் நூத்து முப்பது வருஷம் கழிச்சு ஒரே துறைமுகத்துல.

அப்புறம் ரெண்டாம் உலகப் போர். அப்பவும் ரெண்டு கப்பலும் பயிற்சிக்குப் பயன்பட்டுச்சு, இம்ப்ளாக்கபிள்ங்கிற பேர்ல புதுசா ஒரு விமானம் தாங்கிக் கப்பலை 1942-ல தண்ணில இறக்கிட்டாங்க, அதனால 1943-ல பழைய ரெண்டையும் சேர்த்து ஃபூட்ராயன்ட்னு கூப்பிட்டாங்க. பேரையும் எடுத்துக்கிட்டாங்கன்னு எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

போர் முடிஞ்சப்ப கப்பல் நிலைமை மோசம். ஓக் மரம் பலமான மரம்தான், ஆனா மழைத்தண்ணி உள்ள இறங்கி, காத்தோட்டம் இல்லாம அடைஞ்சு கிடந்தா பூஞ்சை புடிச்சு உள்ளுக்குள்ளயே மாவா உதிரும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், கத்தி வச்சுக் குத்தினா உள்ள போயிடும். கலப்பத்து, அதாவது பலகை இடுக்கை அடைக்கிற வேலை, பார்க்காம விட்டா இடுக்குல தண்ணி ஏறும், பம்பு ஓடிக்கிட்டே இருக்கணும். மரக்கப்பல்ங்கறது வருஷா வருஷம் கவனிக்க வேண்டிய உடம்பு, ஆறு வருஷப் போர்ல யாரும் அதைக் கவனிக்கல.

1947-ல பிரான்ஸ்கிட்ட கேட்டாங்க, நீங்க கட்டின கப்பல்தானே, திரும்ப எடுத்துக்கறீங்களான்னு. பிரான்ஸ் அப்பத்தான் ஜெர்மன் ஆக்கிரமிப்புல இருந்து எழுந்திருக்கு, துறைமுகங்க எல்லாம் குண்டு விழுந்து கிடக்கு, முடியாதுன்னுட்டாங்க. பிரிட்டன்லயும் சீனி, கறி எல்லாம் இன்னும் ரேஷன்ல இருந்த காலம், வீடு இழந்த ஜனங்களுக்கு வீடு கட்ட மரம் போதல. கிரீனிச்ல நேஷனல் மேரிடைம் மியூசியத்தோட டைரக்டரா இருந்த ஃபிராங்க் கார் எப்படியாவது காப்பாத்தணும்னு போராடினார், அங்கயே ஒரு டாக்ல நிறுத்தி வைக்கலாம்னு யோசனை ஓடிச்சு, பணம் யார் போடறதுன்ற இடத்துல நின்னுபோச்சு.

பெத்தவங்க வேணாம்னுட்டாங்க, வளர்த்தவங்க முடியாதுன்னுட்டாங்க. புடிபட்ட கப்பலோட நிலைமை கடைசியில அதுதான்னு நான் நினைக்கிறேன். விக்டரிக்கும் மர வியாதி இருந்துச்சு, அதுக்கும் ஏகப்பட்ட செலவு ஆச்சு, ஆனா அது நம்ம கப்பல், நெல்சன் செத்த கப்பல்னு ஒரு நாடே பின்னாடி நின்னுச்சு. இம்ப்ளாக்கபிள் பின்னாடி அப்படி எந்த நாடும் நிக்கல. அந்தக் காலத்துக் கஷ்டம் எனக்குப் புரியுது, ரேஷன்ல இருக்குற ஜனங்ககிட்ட போய் பழைய கப்பலுக்குப் பணம் குடுன்னு கேக்கறது லேசு இல்ல. இருந்தாலும் அது தப்பான முடிவுதான். மூடி வச்சு, பம்பு ஓட்டி, ஒரு அஞ்சாறு வருஷம் தள்ளிப் போட்டிருந்தாலே பொழைச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

1949 டிசம்பர் 2. பின்பக்கத்து ஜன்னல் வரிசை, முகப்புச் சிலை, இதையெல்லாம் முன்னாடியே கழட்டி எடுத்துட்டாங்க. மரம் மிதக்கும், அதனால முழுகறதுக்காக உள்ள நூத்துக்கணக்கான டன் இரும்பு ஏத்தினாங்க. போர்ட்ஸ்மத்ல இருந்து டக் படகுங்க இழுத்துட்டு வைட் தீவைத் தாண்டி இங்கிலீஷ் கால்வாய்க்குள்ள கொண்டு போச்சு. மேல ரெண்டு கொடி ஏத்தியிருந்தாங்க, ஒண்ணு பிரிட்டிஷ் நேவியோட வெள்ளைக் கொடி, இன்னொண்ணு பிரான்ஸோட மூவர்ணக் கொடி. 1805 நவம்பர்ல இறக்கின அந்த மூவர்ணத்தை 144 வருஷம் கழிச்சு, சாகப் போற அன்னைக்குத் திரும்ப ஏத்தினாங்க. இதைப் படம் புடிச்சு வச்சிருக்காங்க, பழைய கறுப்பு வெள்ளை செய்திப்படம், தேடினா கிடைக்கும். வெடி வெடிச்சதும் கப்பலோட உடம்பு முழுக்க புகையும் தண்ணியும் எகிறுது, அடிப்பக்கம் பிச்சுக்கிட்டு இரும்போட கீழ போயிடுச்சு. ஆனா மேல் பாகம் முழுகல. தளம் வரைக்கும் தண்ணி, பக்கச் சுவரும் கொடியும் மட்டும் வெளிய தெரிய மிதந்துக்கிட்டே நின்னுச்சு. மரியாதைக்கு வந்த கப்பல்ங்க எல்லாம் பார்த்துட்டு நிக்குது, டக் படகு போய் இடிச்சுப் பார்த்துச்சு, அப்பவும் போகல. சுமார் மூணு மணி நேரம் ஆச்சு அது முழுசா மறைய. சமாதானத்துக்கு மசியாததுன்னு பேர் வச்சது சும்மா இல்ல.

அந்த நாள் இங்கிலாந்துல நிறைய பேரை உறுத்துச்சு. ஃபிராங்க் கார் விடல, அடுத்ததா கட்டி சார்க்ங்கிற தேயிலைக் கப்பலைக் காப்பாத்த இறங்கினார், 1954-ல அது கிரீனிச்ல ட்ரை டாக்ல ஏறிடுச்சு, இன்னைக்கு வரைக்கும் அங்கதான் நிக்குது. 1979-ல உலகக் கப்பல்களைப் பாதுகாக்க வேர்ல்ட் ஷிப் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சப்ப அவங்க வச்ச வாசகமே "இம்ப்ளாக்கபிள், இனி ஒருபோதும் கூடாது"ங்கிற அர்த்தத்துலதான்.

இப்ப சானே. மேல சொன்ன டிரிங்கோமலி ஃப்ரிகேட் இருக்குல்ல, அதுவும் அவர் வடிவம்தான். எப்படின்னா, 1782-ல பிரிட்டிஷ்காரங்க எபேங்கிற பிரெஞ்சு ஃப்ரிகேட்டைப் புடிச்சாங்க, சானே வரைஞ்சது, அதை அளவெடுத்து அதே மாதிரி ஒரு வரிசையே கட்டினாங்க. அதுல ஒண்ணை பம்பாய்ல கட்டச் சொல்லி வரைபடத்தை ஜாவாங்கிற கப்பல்ல அனுப்பினாங்க. அந்த ஜாவாவே புடிபட்ட கப்பல்தான், 1811-ல மடகாஸ்கர் பக்கம் பிரெஞ்சுக்காரங்ககிட்ட புடிச்சது, பழைய பேரு ரெனோமே. போற வழியில 1812 டிசம்பர்ல பிரேசில் கரைக்கு வெளிய அமெரிக்காவோட கான்ஸ்டிட்யூஷன் அதை அடிச்சு நொறுக்கிக் கொளுத்திடுச்சு, வரைபடமும் அதோட போச்சு. அதுல பயணியா வந்து கைதானவர் பம்பாய்க்குப் பதவியேற்கக் கிளம்பின தாமஸ் ஹிஸ்லப், பிற்பாடு மெட்ராஸ் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியா வந்தவர். இன்னொரு பிரதி அனுப்பி, வாடியா குடும்பத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜி தேக்குல கட்டி, 1817 அக்டோபர்ல இறக்கினார். தேக்குல எண்ணெய் இருக்கு, பூச்சி பூஞ்சை சீக்கிரம் அண்டாது. ஓக்ல கட்டின இம்ப்ளாக்கபிள் உளுத்துப்போன அதே துறைமுகத்துல, அதே போர்க் காலத்தைத் தாண்டி, தேக்குக் கப்பல் தாக்குப் பிடிச்சு நின்னுச்சு. 1987-ல ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டு போய் வருஷக்கணக்கா ரிப்பேர் பண்ணி, பழைய பேரையும் திருப்பிக் குடுத்துட்டாங்க, இன்னைக்கு பிரிட்டன்ல மிதக்குறதுலயே ரொம்பப் பழைய போர்க்கப்பல் அதுதான்.

நீங்க எப்பவாவது அந்தப் பக்கம் போனா: இம்ப்ளாக்கபிளோட பின்பக்க ஜன்னல் வரிசையும் முகப்புச் சிலையும் கிரீனிச் மியூசியத்துல இருக்கு. நங்கூரத்தை இழுக்க ஆளுங்க சுத்தி நின்னு தள்ளுற பெரிய உருளை, கேப்ஸ்டன்னு சொல்லுவாங்க, அது மட்டும் பிரான்ஸ்ல இருக்கு, ரோஷ்ஃபோர் கடல் மியூசியத்துல. 1805-ல அந்த ஊருக்குத்தான் துமனுவார் கப்பலைத் திருப்பிக் கொண்டு போகப் பார்த்தார்.